பொட்டு எங்கே போனது? பீட்டா நிலையில் உள்ள பட மேம்பாட்டு மென்பொருளுக்குப் பின்னூட்டம் எழுதும் வழி

பாட்டியின் பழைய படத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றின் பீட்டா பதிப்பை இறக்கியிருக்கிறீர்கள். படத்தைக் கொடுத்ததும் முகம் தெளிந்து வருகிறது. கண்ணில் ஒளி, உதட்டில் கோடு எல்லாம் இருக்கின்றன. மூக்குத்தியை மட்டும் காணவில்லை. நெற்றிப் பொட்டு இருந்த இடத்தில் வழவழப்பான தோல். பின்னூட்டப் பெட்டியைத் திறந்து, "முகம் சரியாக வரவில்லை, சரிசெய்யவும்" என்று எழுதி அனுப்பிவிடுகிறீர்கள்.

அந்த வரியைப் படிக்கும் பொறியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் பாட்டியைப் பார்த்ததில்லை. அந்த நெற்றியில் பொட்டு இருந்ததே அவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அந்த முகம் அழகாகத்தான் தெரியும்.

இந்த வகை மென்பொருளைச் சோதிப்பதில் உள்ள சிக்கலே இதுதான். வங்கிச் செயலி கணக்கைத் தப்பாகக் கூட்டினால் யாருக்கும் தெரிந்துவிடும். இங்கே பிழை அழகாக வந்து நிற்கிறது. படத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று அறிந்தவர் சொன்னால்தான் அது பிழை என்றே வெளிப்படும். அதனால் கணினி அறிவு குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. படத்தில் இருந்தது எது, இல்லாதது எது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் நீங்கள் நல்ல சோதனையாளர். அந்தச் சாட்சியத்தைப் பொறியாளர் பயன்படுத்தக்கூடிய வடிவில் எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

நிறுவுவதற்கு முன்

பீட்டா என்றால் வசதிகள் பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டவை, குறைகள் இன்னும் கண்டறியப்படாதவை என்று பொருள். படத்தைக் கெடுத்துவிடும், பாதியில் நின்றுபோகும், அடுத்த பதிப்பில் ஒரு பொத்தானே காணாமல் போகும். எனவே ஏற்கெனவே வேலைக்குப் பயன்படுத்தும் நிலையான பதிப்பின் மேல் இதை நிறுவாதீர்கள். ஃபோட்டோஷாப்பின் பீட்டா தனிச் செயலியாகவே நிறுவப்படுவதற்கு இதுதான் காரணம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உங்கள் மென்பொருளில் அந்த ஏற்பாடு இல்லையென்றால் வேறு கணினியில் நிறுவுங்கள், அல்லது பழைய பதிப்பின் நிறுவல் கோப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூலப் படங்களை ஒருபோதும் நேராகத் திறக்காதீர்கள். நகல் எடுத்துத் தனிக் கோப்புறையில் போட்டு, அதைத்தான் கொடுக்க வேண்டும். சேமிக்கும் இடத்தில் 'மூலக் கோப்பின் மேல் எழுது' என்ற பொருளில் ஏதாவது தேர்வு இயல்பாகவே போடப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். போடப்பட்டிருந்தால் உங்கள் முதல் பின்னூட்டம் கிடைத்துவிட்டது: பீட்டாவில் அது இயல்பாகப் போடப்பட்டிருக்கவே கூடாது.

ஒப்பந்தத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. நான்கு விஷயங்களையாவது தேடிப் பாருங்கள். படம் உங்கள் கணினியிலேயே கையாளப்படுகிறதா, அவர்களுடைய சேவையகத்துக்குப் போகிறதா? போனால் அதை மாடலை, அதாவது படங்களைப் பார்த்துக் கற்றுப் படத்தைத் திருத்தும் நிரலை, பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வார்களா? சோதனை விவரங்களை வெளியே பகிரத் தடை உண்டா? விளைவுகளை வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா? கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 2023 மே மாதம் ஃபோட்டோஷாப் பீட்டாவில், படத்தில் தேர்ந்த இடத்தைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்பும் 'ஜெனரேட்டிவ் ஃபில்' வந்தபோது, பீட்டா காலத்தில் அதைக் கொண்டு செய்தவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி இருக்கவில்லை. கல்யாண ஆல்பம் செய்து பிழைப்பவர்கள் இந்த வரியைத் தேடிப் படித்தே ஆக வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எங்கே பிழை வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். ஆழ்கற்றல் முறையில், அதாவது ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியே கற்கும் முறையில், படத்தைப் பெரிதாக்கும் ஆய்வுகளில் முன்னோடியான எஸ்ஆர்சிஎன்என் என்ற மாடல் 2014இல் வந்தது. 2018இல் ஈஎஸ்ஆர்கேன், 2021இல் ரியல்-ஈஎஸ்ஆர்கேன் என்று அந்த வரிசை வளர்ந்தது. பிந்தையது திறந்த மூலமாகக் கிடைப்பதால் அதன்மேல் கட்டிய செயலிகள் பல. இலவசமாகக் கிடைக்கும் அப்ஸ்கேல் அவற்றில் ஒன்று.

இவற்றைப் பயிற்றுவிக்கும் முறை சுவையானது. நல்ல படங்களை எடுத்து, வேண்டுமென்றே மங்கலாக்கி, சுருக்கி, புள்ளி இரைச்சல் தூவி, கோப்பின் அளவைக் குறைக்கும் ஜேபெக் வடிவில் அழுத்திக் கெடுப்பார்கள். ரியல்-ஈஎஸ்ஆர்கேனில் இந்தக் கெடுக்கும் வரிசை இரண்டு சுற்று நடக்கும். பிறகு கெட்ட படத்திலிருந்து நல்ல படத்தைத் திரும்ப வரைய மாடலுக்குப் பழக்குவார்கள். ஆக, அந்த மாடலுக்குத் தெரிந்த கேடுகள் கணினியில் உண்டாக்கியவை. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் படத்துக்கு வந்த கேடு வேறு: பூஞ்சை, ஈரக்கறை, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உரிந்த மேற்பூச்சு, பழைய ஸ்டூடியோக்கள் அச்சிட்டுத் தந்த பட்டுத்தாளின் தேன்கூட்டுப் புடைப்பு. இவற்றைப் பார்த்துப் பழகாத மாடல், புடைப்பையே படத்தின் நுட்பம் என்று எண்ணி இன்னும் கூர்மையாக்கித் தரும்.

முகம் வேறு பாதையில் போகிறது. சீனாவின் டென்சென்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஜிஎஃப்பிகேன் போன்ற முகமீட்பு மாடல்கள் படத்தில் முகம் எங்கே என்று கண்டுபிடித்து, அதை நேராக்கி, 512க்கு 512 பிக்சல் சதுரமாக வெட்டி எடுத்து, மீட்டெடுத்துப் பழைய இடத்தில் ஒட்டுகின்றன. முகம் கண்ணாடி போல் தெளிந்தும் கழுத்தும் காதும் மங்கியும் இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டிய தடம் அது. மீட்பதற்கு மாடல் நம்பியிருப்பது தன் நினைவில் உள்ள முகங்களை. ஜிஎஃப்பிகேன் பயின்றது எஃப்எஃப்எச்க்யூ என்ற தொகுப்பில். ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் அதில் உள்ளன. விபூதிப் பட்டை, நாமம், எட்டுக்கல் மூக்குத்தி, மஞ்சள் பூசிய கன்னம் ஆகியவை அத்தகைய தொகுப்பில் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அறியாததை மாடல் கறை என்று கருதித் துடைத்துவிடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகம் 2020 ஜூனில் பார்த்தது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பல்ஸ் என்ற கருவியில் பராக் ஒபாமாவின் மிகச் சிறிய, மங்கலான படத்தைக் கொடுத்தார்கள். வெள்ளையர் ஒருவரின் முகம் தெளிவாக வந்தது. கருவியை உருவாக்கியவர்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதிய எதையும்விட அந்த ஒரு படம் அதன் எல்லையைத் தெளிவாகக் காட்டிவிட்டது. பயனர் ஒருவர் தரக்கூடிய பின்னூட்டத்தின் வலிமைக்கு அதுவே சான்று. முகம் யாருடையது என்று பார்த்தவர் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் அது எடுபட்டது.

சோதனைக் கோப்புறை

கைக்குக் கிடைத்த படத்தையெல்லாம் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே படங்களைத்தான் ஓட்டுவீர்கள் என்பதால் தேர்வில் அவசரம் வேண்டாம்.

என் பரிந்துரை இவை. முதியவர் முகம், சுருக்கங்கள் தெளிவாக உள்ளது. பொட்டோ விபூதியோ மச்சமோ உள்ள முகம். பின்வரிசை முகங்கள் நகக்கண் அளவில் இருக்கும் பள்ளிக் குழுப்படம். சரிகைக் கரை தெரியும் பட்டுப்புடவை. நெருக்கமான ஜரிகை வேலைப்பாட்டில் மாடல்கள் தாமாகக் கோலம் போட ஆரம்பிக்கும். தலையில் மல்லிகைச் சரம் உள்ள பின்பக்கக் காட்சி. கோயில் கோபுரம், சுதைச் சிற்பத்தின் முகத்தை மனித முகமாக எடுத்துக்கொண்டு கண்ணும் பல்லும் வைக்கிறதா என்று பார்க்கலாம். செய்தித்தாளில் அச்சான படத்தின் ஸ்கேன். இரவில் கைப்பேசியில் எடுத்தது. கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் ரா கோப்பு ஒன்று. வெறும் வானமோ வெள்ளைச் சுவரோ அதிகம் உள்ள படம். இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கட்டாயம் ஒன்று: தமிழ் எழுத்து சிறியதாகத் தெரியும் கடைப்பலகை அல்லது பஸ் பலகை. மெய்யெழுத்தின் புள்ளி சிறியது, தனித்து நிற்பது. இரைச்சல் என்று நினைத்து நீக்கிவிட வாய்ப்பு அதிகம். 'ண'வின் சுழி ஒன்று குறைந்தால் 'ன' ஆகிவிடும். தமிழ் படிக்கத் தெரியாத சோதனையாளர் ஆயிரம் பேர் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர்களுக்கு அது கூர்மையான, அழகான கோடுகள். இந்த ஒரு வகையில் நீங்கள் எழுதும் அறிக்கைக்கு மாற்றே கிடையாது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சோதனைக்கு எடுத்தால் 'வாட்ஸ்அப் வழி வந்தது' என்று குறித்து வையுங்கள். அங்கே படம் மீண்டும் அழுத்தப்படுகிறது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்துவதால், அந்தக் கட்டங்களின் ஓரங்களை மாடல் உண்மையான கோடுகள் என்று நம்பிவிடலாம். கேமரா விவரங்களும் உதிர்ந்துபோகும். நண்பரிடமிருந்து மூலப் படம் வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு அப்படியே வரும்.

நீங்களே கெடுத்துப் பாருங்கள்

பழைய படத்தில் ஒரு குறை உண்டு. மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்பதற்கு உங்கள் நினைவைத் தவிர ஆதாரம் இல்லை. அதற்கு மாற்று, உண்மை கையில் இருக்கும்படியான சோதனை. நல்ல தெளிவான படம் ஒன்றை எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் நான்கில் ஒன்றாகச் சுருக்கி, ஜேபெக் தரத்தை 40 அளவில் வைத்துச் சேமியுங்கள். அந்தக் கெட்ட படத்தை மென்பொருளில் 4 மடங்கு பெரிதாக்கி, வந்ததை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருந்ததில் எது திரும்பவில்லை, இல்லாதது எது முளைத்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். யாரும் மறுக்க முடியாது.

இந்த முறையின் சிறந்த எடுத்துக்காட்டு 2023 மார்ச் மாதத்தில் நடந்தது. சாம்சங் கைப்பேசியின் நிலாப் படங்களில் சந்தேகம் கொண்ட ஒரு பயனர், நிலாவின் படம் ஒன்றை 170க்கு 170 பிக்சலாகச் சுருக்கினார், மேலும் மங்கலாக்கினார், கணினித் திரையில் காட்டினார், விளக்கை அணைத்துவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து கைப்பேசியில் படம் எடுத்தார். திரையில் இல்லவே இல்லாத பள்ளங்களும் மேடுகளும் கைப்பேசிப் படத்தில் இருந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களை மேம்படுத்த ஆழ்கற்றல் பயன்படுகிறது என்று நிறுவனமும் விளக்கம் தந்தது. அந்தப் பயனர் செய்ததில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. உள்ளே போனது என்ன என்பதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பார்க்கும் முறை

திரையில் படத்தை 100 விழுக்காட்டில் வைத்துப் பாருங்கள். 67 விழுக்காடு, 33 விழுக்காடு என்று வைத்தால் திரை தானே படத்தைச் சுருக்கிக் காட்டும். அதில் வரும் நெளிவுகளை மென்பொருளின் தலையில் கட்டிவிடுவோம்.

முன்னோட்டத்தையும் சேமித்த கோப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். முன்னோட்டம் பெரும்பாலும் திரையில் தெரியும் துண்டை மட்டும் கணக்கிட்டுக் காட்டுவது. சேமிக்கும்போது முழுப் படமும் ஓடுகிறது. இரண்டும் மாறுபட்டால் அதுவே தனிப் பிழை. புதியவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் சேமித்த கோப்பை மறுபடி திறந்து பார்ப்பதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

தானியங்கித் தேர்வை அணையுங்கள். டோபாஸ் ஃபோட்டோ ஏஐயின் ஆட்டோபைலட் போல, படத்தைப் பார்த்து அளவுகளைத் தானே வைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அது வைத்த எண்களை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரைச்சல் நீக்கம், கூர்மை, முகமீட்பு மூன்றையும் ஒன்றாக ஏற்றிவிட்டு முகம் மெழுகாகிவிட்டது என்றால் எது மெழுகாக்கியது என்று யாருக்கும் தெரியாது. அணைத்துப் பார்ப்பதும் சோதனைதான். முகமீட்பை நிறுத்தியதும் பொட்டு திரும்பி வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

முகமீட்பின் அளவை மாற்றும் பட்டை இருந்தால் அதை விரிவாகச் சோதியுங்கள். 2022இல் வெளியான கோட்ஃபார்மர் மாடலில் 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. குறைத்தால் படம் அழகாகும். கூட்டினால் மூலத்துக்கு நெருக்கமாகும். அழகும் நம்பகமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டு அந்த எண்ணைப் பயனர் கையில் கொடுத்தார்கள். எந்த எண்ணில் பாட்டி பாட்டியாக இருப்பதை நிறுத்துகிறார் என்று உங்களால்தான் சொல்ல முடியும். அறிக்கையில் அந்த எண் இருக்கட்டும்.

அதே படத்தை, அதே அளவுகளோடு இரண்டாம் முறையும் ஓட்டுங்கள். வழக்கமான மாடல்கள் ஒவ்வொரு முறையும் ஒரே விளைவைத் தரும். வெறும் இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை வரையும் டிஃப்யூஷன் வகை மாடல்கள் தற்செயல் எண்ணிலிருந்து தொடங்குவதால் முறைக்கு முறை மாறலாம். 'எப்போதும் வருகிறது', 'சில நேரம் வருகிறது' என்ற ஒரு சொல் பொறியாளரின் தேடலைப் பாதியாக்கும்.

எங்கே கண் வைப்பது?

கண்ணின் கருமணி இரண்டும் ஒரே அளவா, ஒரே திசையில் பார்க்கின்றனவா? பற்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா? மூக்குக்கண்ணாடிச் சட்டம் காதுவரை போகிறதா, பாதியில் கரைகிறதா? முடி தனித்தனி இழையாக இருக்கிறதா, நூலைச் சுற்றி வைத்தது போல் ஆகிவிட்டதா? பொருள்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடினால் கூர்மை மிஞ்சிவிட்டது.

வெறும் வானமும் சுவரும் இருக்கும் படம் எதற்கு என்றேன் அல்லவா? பெரிய படத்தை முழுதாகக் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் ஏற்ற முடியாதபோது, மென்பொருள் அதைச் சதுரத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகக் கையாண்டு ஒட்டும். ஒட்டிய இடம் நெரிசலான காட்சியில் தெரியாது. நீல வானத்தில் நேர்கோடாகத் தெரியும், அல்லது பக்கத்துத் துண்டுகளின் நிறத்தில் மெல்லிய வேறுபாடாகத் தெரியும். இதைக் கண்டால் கோடுகளுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று அளந்து எழுதுங்கள். துண்டின் அளவை மாற்றும் தேர்வு இருந்தால் மாற்றிப் பார்த்து, கோடும் இடம் மாறுகிறதா என்று சொல்லுங்கள். பாதி நோய்நாடலை நீங்களே முடித்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

நிறத்தையும் பாருங்கள். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற பரந்த நிறவெளியில் இருக்கும். மென்பொருள் அந்தக் குறிப்பைத் தொலைத்துவிட்டால் அரக்குப் புடவை வெளிறிப்போகும். செங்குத்தாக எடுத்த படம் படுத்துக்கொள்வது, எடுத்த தேதி அழிந்துபோவது ஆகியவையும் பிழைகளே. ஆயிரக்கணக்கான குடும்பப் படங்களை ஓட்டியவருக்குத் தேதி போனால் பொட்டு போனதைவிடப் பெரிய இழப்பு.

நடக்காததைக் கேட்க வேண்டாம். கண்காணிப்புக் கேமராவில் பத்துப் பிக்சல் அகலத்தில் பதிந்த வண்டி எண்ணைப் படிக்க வைக்க எந்த மாடலாலும் முடியாது. திரைப்படத்தில் காவல் அதிகாரி "பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு" என்று சொன்னால் நடக்கும். இங்கே மாடல் ஓர் எண்ணைக் கற்பனை செய்து கொடுக்கும், அது வேறு யாருடைய வண்டியாகவோ இருக்கும். ஆனால் அப்படிக் கற்பனை செய்த எண்ணை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தெள்ளத்தெளிவாகக் காட்டினால், அதைப் பற்றி எழுதலாம், எழுத வேண்டும்.

அறிக்கை

தையற்காரரிடம் விளக்கம் சொல்வதைவிட அளவு ரவிக்கையைக் கொடுப்பது மேல். அதுபோல, மூலப் படமும் விளைவும் இணைக்காத அறிக்கையை எழுதாதீர்கள். மற்றவை அதற்குப் பக்கவாத்தியம். முன்பு சொன்ன "முகம் சரியாக வரவில்லை" என்பதையே இப்படி எழுதலாம் (இந்த மென்பொருளில் முகமீட்பு எண் கூடக்கூட முகத்தை மாற்றுவதும் கூடும் என்று வைத்துக்கொள்வோம்):

தலைப்பு: முகமீட்பு 80இல் நெற்றிப் பொட்டும் மூக்குத்தியும் மறைகின்றன, 20இல் இருக்கின்றன.
பதிப்பு: பீட்டா 0.9.3. இதே படம் 0.9.2இல் சரியாக வந்தது.
கணினி: விண்டோஸ் 11, 16 ஜிபி நினைவகம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு; கார்டின் பெயரும் ட்ரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) எண்ணும் கீழே.
உள்ளீடு: அஞ்சலட்டை அளவு கறுப்பு வெள்ளை அச்சு, 300 டிபிஐ ஸ்கேன், 1240க்கு 1754 பிக்சல், டிஃப் கோப்பு.
செய்தது: படத்தைத் திறந்தேன். தானியங்கித் தேர்வை அணைத்தேன். 2 மடங்கு பெரிதாக்கம், முகமீட்பு 80, மற்றவை 0. பிஎன்ஜியாகச் சேமித்தேன்.
எதிர்பார்த்தது: முகம் தெளிவதோடு பொட்டும் இடப்பக்க மூக்குத்தியும் இருக்க வேண்டும்.
நடந்தது: இரண்டும் தோலாக மாறின. முன்னோட்டத்திலும் கோப்பிலும் ஒரே விளைவு. மூன்று முறை ஓட்டியும் மாற்றமில்லை.
இணைப்பு: மூலம், 80இல் விளைவு, 20இல் விளைவு, இடங்களைச் சிவப்பு வட்டமிட்ட நகல்.

இதில் கடினமானது எதுவும் இல்லை. கிராபிக்ஸ் கார்டின் பெயர், அதன் நினைவகம், ட்ரைவர் எண் ஆகியவை விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் இருக்கும். மேக்கில் ஆப்பிள் பட்டியலின் 'இந்த மேக் பற்றி' போதும். முந்தைய பதிப்பில் சரியாக இருந்தது என்ற தகவலைக் குறிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு பதிப்புகளுக்கு இடையே என்ன மாற்றினார்கள் என்று மட்டும் அவர்கள் தேடினால் போதும்.

ஓர் அறிக்கையில் ஒரு பிழை. ஐந்து குறைகளை ஒரே கடிதத்தில் அடுக்கினால், முதலாவது சரியானதும் கடிதத்தையே மூடிவிடுவார்கள். மீதி நான்கும் அதோடு புதைந்துபோகும். ஏற்கெனவே வேறு யாராவது எழுதிய பிழை என்றால் புதிதாகத் தொடங்காமல் அதிலேயே உங்கள் படத்தைச் சேருங்கள். "எனக்கும் இதே" என்ற வெற்று வரிக்கு மதிப்பு குறைவு. வேறு கார்டில், வேறு படத்தில் வந்த அதே பிழைக்கு மதிப்பு அதிகம்.

எவ்வளவு கடுமையான பிழை என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். கோப்பு அழிவதும் செயலி நின்றுபோவதும் முதல் வரிசை. இல்லாததை உருவாக்குவதும் இருந்ததை அழிப்பதும் அதற்கு அடுத்தது. அவை அழகாகத் தெரிவதாலேயே பின்னுக்குத் தள்ளப்படுகின்றன, எனவே அவற்றுக்காக வாதாடத் தயங்காதீர்கள். பொத்தானின் நிறம் பிடிக்கவில்லை என்பது கடைசி வரிசை. விலை அதிகம் என்பது பிழை அறிக்கையே இல்லை.

நன்றாக வந்ததையும் எழுதுங்கள். புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. "சரிகைக் கரை இந்தப் பதிப்பில் மூலத்தைப் போலவே வந்திருக்கிறது, மாற்ற வேண்டாம்" என்று படத்தோடு எழுதினால், அடுத்த முறை மாடலை மாற்றும்போது அவர்களுக்கு அது ஓர் அளவுகோல். பீட்டாவில் ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்றைக் கெடுப்பது வாடிக்கை.

பிறர் முகம்

இணைக்கும் படத்தில் இருப்பவர் அனுமதி தந்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் கல்யாணப் படத்தையும் பிறர் வீட்டுக் குழந்தைகளின் படத்தையும் அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் முகத்தில் அதே பிழையை வரவழைத்து அனுப்புங்கள். பொட்டு மறைவதைக் காட்டப் பொட்டு வைத்துக்கொண்டு எடுத்த ஒரு சுயபடம் போதும். பிழை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பலாம் என்றால் அந்தத் துண்டிலும் பிழை வருகிறதா என்று முதலில் ஓட்டிப் பாருங்கள். படத்தின் அளவு மாறினால் சில பிழைகள் ஒளிந்துகொள்ளும்.

கைப்பேசிப் படத்தில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். எக்ஸிஃப்டூல் போன்ற இலவசக் கருவியால் இடத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கேமரா விவரத்தை விட்டுவைக்கலாம். செயலி எழுதும் பதிவுக் கோப்பைக் கேட்டால் அனுப்புவதற்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள். கோப்புறைப் பாதைகளில் உங்கள் பெயரும், படத்தின் பெயரில் வாடிக்கையாளர் பெயரும் இருப்பது சகஜம்.

அனுப்பிய பிறகு

பதில் வராமல் போகலாம். வந்தாலும் "கூடுதல் விவரம் தேவை" என்று ஒரு வரியாக இருக்கலாம். அதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டதை அன்றே அனுப்புங்கள், ஏனெனில் அந்தப் பொறியாளர் இப்போதுதான் உங்கள் பிழையைத் திறந்து வைத்திருக்கிறார். "இது இப்படித்தான் இயங்கும்" என்று மூடிவிட்டால், ஒரு முறை மறுத்து எழுதலாம். அப்போது வாதத்தை வளர்க்காமல் இன்னொரு படத்தைக் கொடுங்கள், முடிந்தால் நீங்களே கெடுத்து மீட்டெடுத்த படத்தை.

புதிய பதிப்பு வந்ததும் சோதனைக் கோப்புறை முழுவதையும் அதே அளவுகளோடு ஓட்டி, பதிப்பு எண்ணைக் கோப்பின் பெயரில் சேர்த்துச் சேமியுங்கள். சரியாகிவிட்டது என்று அவர்கள் சொன்ன பிழை உண்மையில் சரியாகியிருக்கிறதா என்று பார்த்து, பழைய அறிக்கையிலேயே ஒரு வரி எழுதுங்கள். பொட்டு வந்திருக்கும், மூக்குத்தி வந்திருக்காது. அப்படியானால் அதையும் எழுத வேண்டும்.

பீட்டா முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த நாளுக்குப் பின் செயலி திறக்காமல் போகலாம், அதன் சொந்த வடிவில் சேமித்த கோப்புகளை இறுதிப் பதிப்பு ஏற்காமலும் போகலாம். வேண்டியவற்றை டிஃப் அல்லது பிஎன்ஜியாக மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். சேவையகத்துக்கு ஏற்றிய படங்களை நீக்கும் வசதி கணக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள், அந்த வசதி இல்லாததையே உங்கள் கடைசி அறிக்கையாகவும் அனுப்புங்கள்.